'குஞ்சு' என்று எழுத 'ஞ்' வேண்டும்: கறிக்கோழித் தீவனம் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில், குஞ்சு இறக்கிய முதல் 7 நாட்களைப் பற்றி எழுதும்போது "புரதம் 22, 23 சதவீதம் இருக்கட்டும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த முறை பாதிக் கடிதங்கள் வந்திருக்கின்றன. தீவன ஆலை லேபில் 26 வருடம் வேலை பார்த்தவள் நான். அந்த எண்ணை அப்படி வெறுமனே எழுதியிருக்கக் கூடாது. அதனால் இந்த இதழ் முழுக்கப் புரதமும் அமினோ அமிலமும்தான்.

கேள்வி: நான் வாங்கிய தீவன மூட்டையில் புரதம் 23 சதவீதம் என்று போட்டிருந்தது. என் தம்பி வாங்கியது வேறு தீவனம், அதில் 21.5 தான். இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே இடத்தில் குஞ்சு எடுத்தோம். 35-ம் நாள் நிறுத்துப் பார்த்தால் அவன் கோழி 150 கிராம் கூடுதல். சந்தேகப்பட்டு என் தீவனத்தை லேபுக்கு அனுப்பினேன். 23 சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் எப்படி இந்த வித்தியாசம்? (3,000 கோழி வளர்க்கும் வாசகர்)

பதில்: லேப் சொன்னது உண்மைதான். ஆனால் அங்கே அளந்தது என்ன என்று தெரிந்தால் உங்கள் குழப்பம் தீரும்.

மூட்டையில் இருக்கும் எண்ணுக்குக் 'கச்சாப் புரதம்' என்று பெயர். அதை அளக்கும் முறையை 1883-ல் டென்மார்க்கில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் இருந்த யோஹான் கெல்டால் கண்டுபிடித்தார். நான் லேபில் சேர்ந்த முதல் நாள் கற்றுக்கொண்டதும் அதுதான். ஒரு கிராம் தீவனத்தைக் கந்தக அமிலத்தில் போட்டுக் கொதிக்க விடுவோம். முதலில் கன்னங்கரேலென்று ஆகும், புகையும், பிறகு மெல்லத் தெளியும். அதில் காஸ்டிக் சோடா சேர்த்துக் காய்ச்சி வடித்தால் அம்மோனியா கிளம்பி, போரிக் அமிலம் வைத்திருக்கும் குடுவைக்குள் இறங்கும். குடுவையின் இளஞ்சிவப்பு பச்சையாக மாறும். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு மறுபடி இளஞ்சிவப்புக்குக் கொண்டு வருவோம். எத்தனை மில்லி செலவானது என்பதை வைத்து நைட்ரஜனைக் கணக்குப் போட்டு, அதை 6.25-ஆல் பெருக்குவோம். புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் இருக்கும் என்பதால் அந்த 6.25. இவ்வளவு வேலையிலும் நாங்கள் பார்த்தது நைட்ரஜனை மட்டும்தான். புரதம் எந்த ரகம், கோழிக்கு அது செரிக்குமா, எதுவும் அதில் தெரியாது.

கோழிக்கு வேண்டியது அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தைக் கோர்க்கும் சின்னத் துண்டுகள். என் அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை பார்த்தவர். ஈய எழுத்துகள் கட்டம் கட்டமாகப் பிரித்த மரப்பெட்டியில் இருக்கும். 'ஞ்' தீர்ந்துபோனால் அன்றைக்கு 'குஞ்சு' என்று அச்சடிக்க முடியாது. பக்கத்துக் கட்டங்களில் 'கு'வும் 'சு'வும் மலையாகக் குவிந்து கிடந்தாலும் முடியாது. கோழி தசையைக் கட்டுவதும் இப்படித்தான். எந்த அமினோ அமிலம் முதலில் தீர்கிறதோ, அங்கே வேலை நிற்கும். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் போட்ட தீவனத்தில் பெரும்பாலும் முதலில் தீர்வது மெத்தியோனைன். அடுத்து லைசின், மூன்றாவது திரியோனைன், அதற்கப்புறம் வேலின்.

ஒரு வித்தியாசம் உண்டு. மீந்த எழுத்துகளை அப்பா பெட்டியிலேயே போட்டு வைத்து மறுநாள் எடுத்துக்கொள்வார். கோழி உடம்பில் அந்தப் பெட்டி கிடையாது. அன்றைக்கு உதவாத அமினோ அமிலத்தை உடைத்து, நைட்ரஜனை எச்சத்தில் வெளியே தள்ளிவிடும்.

இப்போது உங்கள் தீவனத்துக்கு வருவோம். 23 சதவீதத்தை எட்ட எதைப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எட்டும் வழிகள் எனக்குத் தெரியும். இறகுத் தூளில் 80 சதவீதத்துக்கு மேல் கச்சாப் புரதம் உண்டு. கொஞ்சம் சேர்த்தாலே எண் துள்ளி ஏறும். அதில் லைசின் சுமார் 2 சதவீதம்தான், அதுவும் சரியாகச் செரிக்காது. சோயாப் புண்ணாக்கில் புரதம் 46 சதவீதம்தான் என்றாலும் லைசின் 2.8 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதில் பத்தில் ஒன்பது பங்கு செரித்துவிடும். 21.5 போட்ட தம்பியின் தீவனத்தில் சோயாவும் போதுமான மெத்தியோனைன், லைசின் தூளும் இருந்திருந்தால், அவர் கோழி முந்தியதில் ஆச்சரியமே இல்லை. அடுத்த முறை தீவனம் வாங்கும்போது "செரிக்கும் லைசின் எவ்வளவு, மெத்தியோனைனும் சிஸ்டைனும் சேர்ந்து எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: அப்படியென்றால் எது எவ்வளவு இருக்க வேண்டும்? எண்களைச் சொல்லுங்கள். (சொந்தமாகத் தீவனம் அரைக்கும் வாசகர்)

பதில்: லைசினை முளைக்குச்சியாக அடித்து வைத்துக்கொண்டு மற்றவற்றை அதில் கட்டுவதுதான் இப்போதைய வழக்கம். லைசின் பெரும்பாலும் தசை கட்டுவதற்கே போகிறது, வேறு வேலைகளுக்கு அதிகம் சிதறுவதில்லை. லேபில் அளப்பதும் சுலபம். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

வேகமாக வளரும் இன்றைய கறிக்கோழிக்குச் செரிக்கும் லைசின் முதல் 10 நாள் 1.28 சதவீதம், 11 முதல் 24 நாள்வரை 1.15, அதற்கு மேல் 1.02 அல்லது 1.03 என்று வைத்தால் சரியாக இருக்கும். கச்சாப் புரதம் அந்தந்தக் கட்டத்தில் 23, 21.5, 19.5 என்று தானாக அமையும். லைசினை 100 என்று வைத்தால் மெத்தியோனைனும் சிஸ்டைனும் சேர்ந்து ஆரம்பத்தில் 74, கடைசியில் 78. திரியோனைன் 67. வேலின் 75-லிருந்து 78. ஐசோலூசின் 67-லிருந்து 69. ஆர்ஜினைன் 105-க்குக் குறையக் கூடாது. டிரிப்டோபேன் 16. கந்தக அமினோ அமிலங்களின் (மெத்தியோனைன், சிஸ்டைன்) விகிதம் வயது ஏற ஏறக் கூடுவதற்குக் காரணம் இறகு. உடம்பைத் தாங்கவும் இறகு போர்த்தவும் கோழி செலவழிக்கும் பங்கு வளர வளர அதிகமாகும். அந்தச் செலவில் சிஸ்டைனுக்குப் பெரிய இடம்.

பழைய புத்தகம் வைத்திருக்கிறவர்கள் குழம்ப வேண்டாம். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1994-ல் வெளியிட்ட அட்டவணையில் முதல் 3 வாரத்துக்குப் புரதம் 23, லைசின் 1.10, மெத்தியோனைன் 0.50 என்று இருக்கும். அது மொத்த லைசின், செரிக்கும் லைசின் இல்லை. அந்தக் காலத்துக் கோழி வேறு, இந்தக் காலத்துக் கோழி வேறு. புரதம் 23 அப்படியே நிற்கிறது, லைசின் மட்டும் எவ்வளவு ஏறியிருக்கிறது பாருங்கள். முன்னேற்றம் எங்கே நடந்தது என்று அதிலேயே தெரிகிறது.

இந்த எண்கள் எல்லாம் தீவனத்தில் எரிசக்தி கிலோவுக்கு 3,000 முதல் 3,200 கிலோ கலோரி இருக்கும் என்ற கணக்கில் சொல்லப்பட்டவை. எரிசக்தி ஏறினால் கோழி தின்னும் அளவு குறையும், அதற்கேற்ப அமினோ அமிலத்தையும் ஏற்ற வேண்டும்.

கேள்வி: முதல் 10 நாளுக்கான ஸ்டார்ட்டர் தீவனத்தையே கடைசிவரை கொடுத்தால் கெடுதலா?

பதில்: கோழி சாகாது. உங்கள் காசு எச்சமாகக் கீழே விழும். மாற்றிவிடுங்கள்.

கேள்வி: லைசின், மெத்தியோனைன் தூள் எல்லாம் கெமிக்கல்தானே? ஹார்மோன் மாதிரி எதையாவது கலக்கிறோமோ என்று என் மாமியார் பயப்படுகிறார். சோயாவையே கொஞ்சம் கூடப் போட்டால் ஆகாதா? (வாசகி)

பதில்: உங்கள் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

லைசின் தூள் நொதித்தல் முறையில் வருகிறது. சர்க்கரைக் கரைசலில் ஒருவகை பாக்டீரியாவை வளர்த்தால் அது லைசினைச் சுரக்கும். அதைப் பிரித்துக் காய வைத்துத் தூளாக்குகிறார்கள். திரியோனைனும் வேலினும் அப்படியேதான். டி.எல். மெத்தியோனைன் மட்டும் பெரும்பாலும் ரசாயனத் தொழிற்சாலையில் தயாராகிறது. அதில் பாதி 'டி' வடிவம், பாதி 'எல்' வடிவம். கோழி 'டி'யை 'எல்'லாக மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளும். சோயாவிலிருந்து செரித்து வந்த லைசினும் தூளிலிருந்து வந்த லைசினும் குடலைத் தாண்டிய பிறகு ஒன்றேதான். ஹார்மோனுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சோயாவைக் கூட்டுவதைப் பற்றிக் கேட்டீர்களே, அதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். ஒரு டன் தீவனத்தில் 2 கிலோ லைசின் தூள் சேர்க்கிறீர்கள். அதில் 78 சதவீதம் லைசின், அதாவது 1.56 கிலோ. இதே லைசினைத் தூள் இல்லாமல் கொண்டு வர, மக்காச்சோளத்தை எடுத்துவிட்டுச் சோயா போட வேண்டும். 100 கிலோ சோயாவில் லைசின் 2.8 கிலோ, 100 கிலோ மக்காச்சோளத்தில் கால் கிலோ. ஆக, 100 கிலோ மாற்றினால் இரண்டரைக் கிலோ கூடுகிறது. 1.56 கிலோ வர வேண்டுமானால் சுமார் 60 கிலோ மாற்ற வேண்டும். அப்போது தீவனத்தின் கச்சாப் புரதம் 2 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும், எரிசக்தி கிலோவுக்கு 60 கிலோ கலோரி இறங்கிவிடும். இரண்டு கிலோ தூள் செய்த வேலைக்கு 60 கிலோ மாற்றம். தேவையில்லாத 15, 16 அமினோ அமிலங்களும் கூடவே வந்து சேரும், அவற்றை உடைத்து வெளியேற்றும் வேலை கோழிக்கு.

ஒன்றை மறக்க வேண்டாம். தூளை நேராக மிக்ஸரில் கொட்டாதீர்கள். 2 கிலோவை முதலில் 20 கிலோ மக்காச்சோள மாவில் நன்றாகப் பிசிறிக்கொண்டு, அதை மற்றதோடு சேர்த்து ஓட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு மூட்டையில் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் போய்ச் சேரும்.

கேள்வி: 25 நாளுக்கு மேல் கூளம் ஈரமாகிச் சேறு மாதிரி ஆகிவிடுகிறது. கொட்டகைக்குள் போனால் கண் எரிகிறது. தண்ணீர்க் குழாய் எல்லாம் சரி பார்த்தாகிவிட்டது. தீவனத்தில் கோளாறு இருக்குமா? (இரண்டு கொட்டகை வைத்திருக்கும் வாசகர்)

பதில்: இருக்கலாம். கொட்டகைக்குள் நின்றபடி முகர்ந்து பார்க்காமல், ஒருமுறை முழங்கால் போட்டு, கோழியின் தலை உயரத்துக்குக் குனிந்து மூச்சு இழுத்துப் பாருங்கள். நான் எந்தப் பண்ணைக்குப் போனாலும் முதலில் செய்வது அதுதான். நிற்கும்போது லேசாகத் தெரிந்த நெடி அங்கே தொண்டையைப் பிடிக்கும். கோழி 24 மணி நேரமும் அந்தக் காற்றில்தான் இருக்கிறது. அப்புறம் நான்கைந்து கோழியைத் தூக்கிப் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுப்பகுதியில் கறுத்த பொருக்கு இருந்தால் பல நாளாக ஈரத்தில் நிற்கிறது என்று அர்த்தம்.

மனிதர்கள் நைட்ரஜனை யூரியாவாகச் சிறுநீரில் வெளியேற்றுகிறோம். கோழி யூரிக் அமிலமாக வெளியேற்றும். எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான். கூளத்தில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஈரம் கிடைத்ததும் அதை அம்மோனியாவாக உடைக்கின்றன. புரதம் மிஞ்ச மிஞ்ச யூரிக் அமிலம் கூடும், அதை வெளியேற்றக் கோழி தண்ணீரும் கூடக் குடிக்கும். சோயாவை அதிகமாகப் போட்ட தீவனமானால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். சோயாவில் பொட்டாசியம் 2 சதவீதம்வரை உண்டு; அதுவும் தாகத்தைக் கிளப்பும்.

கச்சாப் புரதத்தை ஒரு சதவீதம் குறைத்து, குறையும் அமினோ அமிலங்களைத் தூளாகச் சேர்த்துச் சரிக்கட்டினால், வெளியேறும் நைட்ரஜன் சுமார் 10 சதவீதம் குறையும். வளர்ச்சியில் எந்த இழப்பும் இருக்காது. 25 நாளுக்கு மேல் என்ன தீவனம் போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த வயதிலும் 21, 22 சதவீதப் புரதம் போய்க்கொண்டிருந்தால் 19-க்கு இறக்குங்கள், லைசினையும் கந்தக அமினோ அமிலங்களையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். உப்பு அளவையும் ஒருமுறை பாருங்கள். ரத்தக்கழிச்சல் இருக்கிறதா என்று ஒரு மருத்துவரை வைத்து அறுத்துப் பார்ப்பதும் அவசியம், ஏனென்றால் அதுவும் கூளத்தை இப்படித்தான் ஈரமாக்கும். தீவனத்தின் மேல் மட்டும் பழி போட்டுவிட்டு நோயைக் கோட்டை விட்டுவிடக் கூடாது.

கேள்வி: சோயாப் புண்ணாக்கு வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது? புரதம் 46 என்று சான்றிதழ் தருகிறார்கள், அது போதாதா? (சொந்தமாக அரைக்கும் இன்னொரு வாசகர்)

பதில்: போதாது. இதற்கு நான் பட்ட பாட்டையே சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்த நான்காவது வருடம். புதிதாக ஒருவரிடமிருந்து ஒரு லோடு சோயா வந்தது. வழக்கமான இளம் மஞ்சள் இல்லாமல் தேன் நிறத்தைத் தாண்டிப் பழுப்பாக இருந்தது. வறுத்த வாசனை கமகமவென்று. இறக்கியவர்கள் எல்லோரும் "நல்லாப் பக்குவமா வறுத்திருக்காங்க" என்றார்கள். நான் புரதம் பார்த்தேன்: 46.2. ஈரம் சரி, நார் சரி. கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் பண்ணைகளிலிருந்து புகார் வர ஆரம்பித்தது. நோய் இல்லை, சாவு இல்லை, தீவனமும் தின்கிறது, எடை மட்டும் ஏறவில்லை. ஒரு பண்ணையில் கோழியைக் கையில் எடுத்து நெஞ்சைத் தடவிப் பார்த்தேன். நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி விரலில் குத்தியது. இரண்டு பக்கமும் சதை இல்லை. லைசின் குறைந்தால் முதலில் அடிபடுவது நெஞ்சுக்கறிதான்.

சோயா அளவுக்கு மேல் வெந்தால் லைசின் சர்க்கரையோடு ஒட்டிக்கொள்கிறது. பழுப்பு நிறமும் வாசனையும் அதனால் வருபவைதான். ஒட்டிய லைசினைக் கோழியின் குடலால் பிரிக்க முடியாது. நைட்ரஜன் எங்கும் போகவில்லை, அதனால் கெல்டால் பரிசோதனையில் 46.2 அப்படியே வரும். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். நஷ்டப்பட்ட பண்ணைக்காரர்களின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

வேகாமல் இருந்தாலும் தொல்லை. பச்சைச் சோயாவில் டிரிப்சின் தடுப்பான் உண்டு. புரதத்தை உடைக்கும் டிரிப்சின் என்சைமை அது கட்டிப் போட்டுவிடும். கணையம் ஈடுகொடுக்க முயன்று வீங்கும். அறுத்துப் பார்த்தால் சிறுகுடல் மடிப்புக்குள் கணையம் பெரிதாகத் தெரியும்.

ஆகவே இரண்டு சோதனைகளைக் கேளுங்கள். ஒன்று யூரியேஸ். பச்சைச் சோயாவில் இருக்கும் யூரியேஸ் என்சைம் வேக வேக அழியும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை பி.எச். ஏற்றமாகச் சொல்வார்கள். 0.05 முதல் 0.20 வரை இருந்தால் நல்ல பக்குவம். ஆனால் அளவுக்கு மேல் வெந்ததை இது காட்டிக் கொடுக்காது. பூஜ்யம் வந்தால் வெந்தது என்று தெரியும், எவ்வளவு கருகியது என்று தெரியாது. அதற்கு இரண்டாவது சோதனை, பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடில் புரதம் எவ்வளவு கரைகிறது என்பது. 80 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நிம்மதியாக வாங்கலாம். 70-க்குக் கீழே போனால் திருப்பி அனுப்புங்கள், வாசனை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

கேள்வி: சோயாவுக்குப் பதில் கடலைப் புண்ணாக்கை மட்டும் வைத்து ஓட்ட முடியுமா? அதிலும் புரதம் 45 வருகிறதே.

பதில்: கடலைப் புண்ணாக்கில் லைசின் சுமார் 1.5 சதவீதம், சோயாவில் உள்ளதில் பாதிக்குச் சற்று மேல். மெத்தியோனைனும் குறைவு. ஆர்ஜினைன் மட்டும் கொட்டிக் கிடக்கும். லைசின், மெத்தியோனைன், திரியோனைன் மூன்றையும் தாராளமாகத் தூளாகச் சேர்த்தால் சோயாவில் ஒரு பங்கை மாற்றலாம், முழுவதையும் மாற்ற நான் துணிய மாட்டேன். இந்த எண்களைவிடப் பெரிய பயம் பூஞ்சை நஞ்சு. ஈரத்தில் கிடந்த கடலையில் அஃப்ளாடாக்சின் வந்துவிடும், அது குஞ்சின் ஈரலைத் தின்றுவிடும். சோதிக்காத கடலைப் புண்ணாக்கை ஸ்டார்ட்டர் தீவனத்தில் ஒரு கைப்பிடிகூடச் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: மீன் தூளில் யூரியா கலக்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா? எதற்குக் கலக்க வேண்டும்?

பதில்: முதல் கேள்விக்குச் சொன்ன கெல்டால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள், விடை கிடைக்கும். யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். 6.25-ஆல் பெருக்கினால் 287 சதவீதம் 'புரதம்'! 36 சதவீதம் புரதம் உள்ள மட்டமான தூள் 97 கிலோவில் 3 கிலோ யூரியா கலந்தால் காகிதத்தில் 43 காட்டும். கோழிக்கு அதனால் ஒரு குன்றிமணி எடைகூட ஏறாது. 2008-ல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் மெலமைன் சேர்த்துக் குழந்தைகளைக் கொன்றார்களே, அதுவும் இதே பித்தலாட்டம்தான். மெலமைனில் நைட்ரஜன் இன்னும் அதிகம், 66 சதவீதம். மீன் தூள் வாங்கினால் புரதத்தோடு யூரியா சோதனை, உப்பு, மணல் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: 20 நாள் ஆகியும் முதுகில் இறகு மூடவில்லை. ஒன்றை ஒன்று கொத்துகிறது, கீழே விழுந்த இறகைப் பொறுக்கித் தின்கிறது.

பதில்: மெத்தியோனைனும் சிஸ்டைனும் சேர்ந்த அளவை முதலில் பாருங்கள். இறகு கெரட்டின் என்ற புரதம், அதில் சிஸ்டைன் மிகுதி. கோழி மெத்தியோனைனிலிருந்து சிஸ்டைனைச் செய்துகொள்ளும், சிஸ்டைனிலிருந்து மெத்தியோனைனைச் செய்யத் தெரியாது. அதனால் மெத்தியோனைன் தூளைக் கூட்டினாலே இரண்டு பக்கமும் நிரம்பும். நெரிசலும் அதிக வெளிச்சமும் கொத்துவதைத் தூண்டும் என்பதால் அவற்றையும் கவனியுங்கள்.

கேள்வி: வெயில் காலத்தில் கோழி தீவனம் எடுப்பது குறைகிறது. புரதத்தை இரண்டு சதவீதம் கூட்டினால் ஈடு கட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள். எரிசக்தி தரும் பொருள்களில் செரிக்கும்போது அதிகச் சூட்டைக் கிளப்புவது புரதம்தான். மிஞ்சிய அமினோ அமிலத்தை உடைத்து யூரிக் அமிலம் ஆக்கும் ஒவ்வொரு படியிலும் சூடு பிறக்கும். ஏற்கெனவே மூச்சு இரைத்துக்கொண்டு இறக்கையை விரித்து நிற்கும் கோழிக்குள் இன்னொரு அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம்.

100 கிராம் தின்ற கோழி 90 கிராம் தின்கிறது என்று வைப்போம். செரிக்கும் லைசின் 1.15 சதவீதமாக இருந்தால் 1.15 கிராம் கிடைத்த இடத்தில் 1.03 கிராம்தான் கிடைக்கும். ஆனால் வெயிலில் வளர்ச்சி வேகமும் குறைகிறது, அதனால் முழுவதையும் ஈடு கட்டத் தேவையில்லை. கச்சாப் புரதத்தைக் கொஞ்சம் இறக்கி, தூள் அமினோ அமிலங்களை 5 சதவீதம்போல ஏற்றி, எரிசக்தியில் ஒரு பகுதியை எண்ணெயிலிருந்து வரும்படி மாற்றுவேன். எண்ணெய் செரிக்கும்போது கிளம்பும் சூடு குறைவு. தீவனத்தை விடியற்காலையிலும் ராத்திரியிலும் தின்ன வையுங்கள்.

கேள்வி: தூள் அமினோ அமிலங்களைச் சேர்த்துக்கொண்டே போனால் கச்சாப் புரதத்தை 15 சதவீதத்துக்குக் கொண்டு போக முடியுமா? (கால்நடை மருத்துவ மாணவி)

பதில்: இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஆனால் ஓர் எல்லைக்குக் கீழே போனால் வளர்ச்சி தடுமாறுகிறது. தடைகளில் முக்கியமானது கிளைசின். மனிதருக்கு அது அவசிய அமினோ அமிலம் இல்லை. கோழி ஒவ்வொரு யூரிக் அமில மூலக்கூறையும் கட்டும்போது ஒரு கிளைசினைச் செலவழிக்கிறது. நைட்ரஜனை வெளியேற்றுவதற்கே விலை கொடுக்கிறது. சோயாவைக் குறைக்கக் குறைக்க கிளைசின் வரத்தும் குறையும். இளங்குஞ்சால் வேண்டிய வேகத்தில் அதைச் செய்துகொள்ள முடிவதில்லை. அடுத்தது ஆர்ஜினைன். கோழியிடம் யூரியா சுழற்சி (உடம்பு யூரியா தயாரிக்கும் வழி; ஆர்ஜினைன் உருவாவதும் அதில்தான்) இல்லை, அதனால் ஆர்ஜினைனைச் சொந்தமாகத் தயாரிக்க முடியாது. அதன் மேல் லைசின் தூளை மட்டும் அள்ளிப் போட்டால் சிறுநீரகத்தில் ஆர்ஜினேஸ் என்சைம் கூடி, இருக்கும் ஆர்ஜினைனையும் உடைத்துவிடும். வேலின், ஐசோலூசின், ஆர்ஜினைன் மூன்றையும் கணக்கில் சேர்க்காமல் லைசின், மெத்தியோனைன் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு புரதத்தை இறக்கியவர்கள்தான் "குறைந்த புரதம் சரிப்படாது" என்று சொல்கிறார்கள். ஒரே நேரத்தில் 5 சதவீதம் இறக்காமல் ஒன்று ஒன்றாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் அடுத்து எது தீர்கிறது என்று தேடுங்கள். உங்கள் ஆய்வுக்கு இது நல்ல தலைப்பு.

கேள்வி: என்னிடம் 200 கோழிதான். லேப் வசதி கிடையாது, கணக்கும் வராது. தீவனம் சரியா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகி)

பதில்: சமையல் தராசு ஒன்று போதும் அம்மா. குஞ்சு வந்த அன்று 20 குஞ்சை ஒரு பெட்டியில் போட்டு நிறுத்துச் சராசரியை எழுதி வையுங்கள், சுமார் 42 கிராம் இருக்கும். ஏழாம் நாள் காலையில் மறுபடி 20 குஞ்சு. பொறுக்கி எடுக்காமல், ஒரு மூலையில் தட்டியை வைத்து மடக்கி, உள்ளே அகப்பட்டதை எல்லாம் நிறுங்கள். நாலு மடங்கு, நாலரை மடங்கு ஆகியிருந்தால் தீவனமும் சூடும் தண்ணீரும் சரியாக இருக்கின்றன. மூன்று மடங்கில் நின்றிருந்தால் முதலில் குஞ்சுகளுக்கு வைத்த சூட்டையும் தண்ணீரையும் பாருங்கள். அவை சரியென்றால் தீவனத்தைச் சந்தேகப்படலாம். 25 நாளுக்கு மேல் வாரம் ஒருமுறை நெஞ்சைத் தடவிப் பாருங்கள். எலும்பின் இரண்டு பக்கமும் சதை உருண்டு நிற்க வேண்டும்.

இன்னொன்று. ஒவ்வொரு முறை தீவனம் வந்ததும் நாலைந்து மூட்டையிலிருந்து ஒவ்வொரு பிடி எடுத்துக் கலந்து, அரைக் கிலோவை ஒரு உறையில் கட்டி, தேதியும் மூட்டையில் இருக்கும் பேட்ச் எண்ணும் எழுதி நிழலான, காய்ந்த இடத்தில் வைத்துவிடுங்கள். கோழி விற்று ஒரு மாதம் ஆகும்வரை அதைத் தூக்கிப் போட வேண்டாம். ஏதாவது கோளாறு வந்தால் லேபுக்கு அனுப்ப அந்த உறைதான் கையில் இருக்கும். தின்று தீர்ந்த தீவனத்தைப் பற்றி யாரிடமும் நீங்கள் கேள்வி கேட்க முடியாது. அனுப்பும்போது புரதத்தோடு லைசினும் மெத்தியோனைனும் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள்.